பிரிட்டன் கடற்கரையில் உயிர்காப்புப் படகை அழைப்பது எப்படி?

பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிலையங்களில் பெரும்பாலானவற்றை, 1824-இல் தொடங்கப்பட்ட ஆர்.என்.எல்.ஐ. என்னும் தொண்டு நிறுவனம் நடத்துகிறது. படகில் செல்வோரில் மிகப் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். பேஜர் என்னும் அழைப்புக் கருவி ஒலித்ததும் கடையையோ பட்டறையையோ அப்படியே விட்டுவிட்டு நிலையத்துக்கு ஓடி வருபவர்கள். எனவே நேரே நிலையத்துக்குப் போன் செய்து பயனில்லை. அவசர எண்ணான 999-ஐ அழைத்து, போலீஸ் அல்ல, ‘கோஸ்ட்கார்ட்’ (கடலோரக் காவல் சேவை) வேண்டும் என்று கேட்க வேண்டும். படகை அனுப்பச் சொல்வது அவர்கள்தான். கடலில் தங்கள் படகில் இருந்தபடி உதவி கேட்பவர்கள், படகிலுள்ள விஎச்எஃப் வானொலியின் 16-ஆம் அலைவரிசையில் அழைக்கலாம்.

கடற்கரையின் பெயர், அருகிலுள்ள வாகன நிறுத்தம் அல்லது கடை, எத்தனை பேர், கடைசியாக எங்கே தெரிந்தார்கள், என்ன நிற உடை ஆகியவற்றைச் சொல்லுங்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் நீரில் இருப்பவர்மீது வைத்த கண்ணை எடுக்காமல், கையை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும். அலைகளுக்கு நடுவே ஒரு தலையைத் தவறவிட்டால் மீண்டும் கண்டுபிடிப்பது கடினம். கட்டணம் கேட்பார்களோ என்று தயங்க வேண்டாம். மீட்புக்குப் பணம் வாங்குவதில்லை.

காப்பாற்றுவதற்காக நீங்கள் கடலில் இறங்காதீர்கள். ஊரில் குளத்திலும் கிணற்றிலும் நீந்திப் பழகிய தைரியம் இங்கே போதாது. குளிர்ந்த நீரில் விழுந்தவுடன் மூச்சு கட்டுப்பாடின்றி இழுக்கும். மிதவை வளையம், பந்து, இறுக மூடிய காலி பிளாஸ்டிக் போத்தல் என மிதக்கும் எதையாவது எறியுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, காதுகள் நீருக்குள் இருக்க, கைகளை மெல்ல அசைத்தபடி மல்லாந்து மிதக்கும்படி உரக்கச் சொல்லுங்கள். ஓரிரு நிமிடங்களில் மூச்சு சீராகிவிடும்.

லண்டன் தமிழர்கள் விரும்பிச் செல்லும் கேம்பர் சாண்ட்ஸ் என்னும் தென்கிழக்கு இங்கிலாந்துக் கடற்கரையில், கடல் பெருகும்போது மணல்திட்டுகளுக்குப் பின்னாலுள்ள பள்ளங்களில் நீர் நிறைந்து, திட்டில் நிற்பவர்களைக் கரையிலிருந்து பிரித்துவிடுகிறது. 2016 ஆகஸ்டில் ஐந்து தமிழ் இளைஞர்கள் ஒரே நாளில் இறந்தது அங்கேதான். அதன் பிறகே உயிர்காவலர்கள் அங்கு பணியமர்த்தப்பட்டார்கள். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதி அவர்கள் கண்காணிக்கும் இடம் என்பதால், அதற்குள் மட்டுமே குளியுங்கள்.

படகு வரும்வரை அதே இடத்திலேயே நில்லுங்கள். போனை வேறு பேச்சுக்குப் பயன்படுத்தாதீர்கள். தவித்தவர் தாமாகவே கரையேறிவிட்டால் மறுபடியும் 999-ஐ அழைத்துச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் படகு தேடிக்கொண்டே இருக்கும்.