செம்புத் தண்ணீரும் கிளாக்கோமாவும்

கிளாக்கோமா (பெரும்பாலும் கண்ணின் உள்ளழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்கு வந்த வைத்தியக் குறிப்புகளுக்குக் கணக்கே இல்லை. கேரட் சாறு, பாதாம், கண்ணில் தேன். (தேனைக் கண்ணில் விடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.) எங்களுக்குக் கைகொடுத்தது, தண்ணீர் குடிக்கும் விதத்தை மாற்றியதுதான்.

பினாங்கு வெயிலில் சௌராஸ்தா சந்தைக்குப் போய்வந்ததும் அம்மா பெரிய செம்பை அண்ணாந்து ஒரே மூச்சில் காலி செய்வார். ஒரு லிட்டர் தண்ணீரை ஐந்தே நிமிடத்தில் குடித்தால் கண்ணின் உள்ளழுத்தம் கொஞ்ச நேரத்துக்கு ஏறும். கண் மருத்துவர்கள் இதையே ஒரு பரிசோதனையாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதற்காகத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். அரை டம்ளர், அரை டம்ளராக நாள் முழுக்கப் பிரித்துக் குடியுங்கள்.

கோப்பி? கேஃபீனும் ஒன்றரை மணி நேரம் போல அழுத்தத்தைச் சற்றே கூட்டும். பசியாறும்போது ஒரு கோப்பி ஓ சரி, மூன்றாவது எதற்கு?

அப்புறம் கீரை. 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கீரை அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கிளாக்கோமா வரும் வாய்ப்பு 20 முதல் 30 சதவீதம் குறைவாக இருந்தது. வந்த நோயைக் கீரை குணமாக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. முருங்கைக்கீரையோ கங்கோங்கோ, கிடைத்ததைச் சமையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கீரையைத் திடீரென்று கூட்ட வேண்டாம்.

எது சாப்பிட்டாலும் சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது. விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும்.