வேன் பேசும் முன் தரையைப் பாருங்கள்

ஜூன் வந்தால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேன்காரரிடம் வாடகையைத்தான் முதலில் கேட்போம். அதற்கு முன் ஒருமுறை உள்ளே ஏறி, மிதியடியைத் தூக்கித் தரையைப் பாருங்கள். 2012-ல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன.

அவசர வழிக் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பைகளை அடுக்கி அடைத்திருந்தால் அது கதவே இல்லை. அப்புறம் நம்பர் பிளேட். வெள்ளையாக இருந்தால் அது சொந்த உபயோக வண்டி, வாடகைக்கு ஓட்டக் கூடாது.

ஆட்டோ என்றால், பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பாருங்கள், டிரைவர் சீட்டில் பக்கத்துக்கு ஒரு பிள்ளை தொற்றிக்கொண்டிருக்கிறதா என்று.