பயிற்சி விமானி ஒரு படையிலிருந்து மற்றொரு படைக்கு மாறுவது எப்படி? அமெரிக்கப் படைகளை முன்வைத்து ஒரு செய்முறை விளக்கம்

அமெரிக்காவில் விமானப்படை, கடற்படை, மரைன் படை, தரைப்படை, கடலோரக் காவல்படை ஆகிய ஐந்தும் தமக்கென விமானிகளை வைத்திருக்கின்றன. இவற்றில் ஒன்றில் சேர்ந்து விமானப் பயிற்சிக்குத் தேர்வான பிறகு, தமக்கு ஏற்ற படை இதுவன்று என்று உணரும் இளம் அதிகாரிகள் உண்டு. கடற்படையில் இருப்பவருக்குக் கப்பலில் மாதக்கணக்கில் இருக்கும் வாழ்க்கை ஒத்துவராமல் இருக்கலாம். விமானப்படையில் இருப்பவருக்குக் கடலோர மீட்புப் பணியில் ஈடுபாடு பிறந்திருக்கலாம். அப்படி மாற விரும்புபவர் எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை வரிசையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்கும் முன் ஒரு தெளிவு தேவை. வேறொரு படையின் பள்ளியில் பறக்கக் கற்பது படை மாற்றம் ஆகாது. மரைன் படையின் மாணவர்களும் கடலோரக் காவல்படையின் மாணவர்களும் ஃபுளோரிடாவில் உள்ள பென்சகோலா, வைட்டிங் ஃபீல்டு தளங்களில் கடற்படை மாணவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து, அதே டி-6பி விமானத்தில்தான் பயில்கிறார்கள். விமானப்படையின் ஹெலிகாப்டர் மாணவர்கள் நெடுங்காலம் அலபாமாவில் உள்ள தரைப்படைத் தளமான ஃபோர்ட் ரக்கரில் பயின்றார்கள். இவர்கள் அனைவரும் தத்தம் படையின் சீருடையிலேயே, தத்தம் படையின் ஊதியப் பட்டியலிலேயே இருப்பவர்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவர் வேறு படைக்காரர் என்பதால் அங்கே தாவிவிடுவது எளிது என்ற எண்ணம் புதியவர்களுக்கு எழுவது இயல்பு. நடைமுறை அப்படி இல்லை.

படி 1: நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

வழிமுறை முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சார்ந்தே அமைகிறது. அதிகாரியாகப் பதவியேற்கும் முன்னர் மாறுவதே எல்லாவற்றிலும் எளிது. கடற்படையும் மரைன் படையும் ஒரே துறையின் கீழ் வருவதால், அன்னபோலிஸ் கடற்படைக் கழகத்தில் பயிலும் மாணவர் இறுதி ஆண்டில் மரைன் விமானியாக விருப்பம் தெரிவிப்பது முற்றிலும் வழக்கமான செயல். பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டே அதிகாரிப் பயிற்சி பெறும் கடற்படை ஆர்ஓடிசி திட்டத்திலும் மரைன் பிரிவுக்கு மாறிக்கொள்ள வழி உண்டு. ஒரு படைக் கழகத்தில் படித்துவிட்டு முற்றிலும் வேறு துறையின் படையில் பதவியேற்கவும் சட்டம் இடமளித்திருக்கிறது. ஆனால் அதற்கு இரு துறைகளின் செயலர்களின் இசைவும் வேண்டும் என்பதோடு, எண்ணிக்கை வரம்பும் இருப்பதால், ஆண்டுதோறும் மிகச் சிலரே அவ்வழியில் செல்கிறார்கள்.

பதவியேற்றுவிட்டுப் பயிற்சி தொடங்கக் காத்திருப்பவர் இரண்டாம் கட்டத்தில் இருக்கிறார். பென்சகோலாவில் இக்காத்திருப்பை ‘ஏ-பூல்’ என்பார்கள். விமானப்படையில் ‘கேஷுவல்’ என்பார்கள். சில வேளைகளில் இது பல மாதங்கள் நீளும். படை உங்கள் மீது பெருஞ்செலவு செய்வதற்கு முந்தைய காலம் என்பதால், விண்ணப்பிப்பதற்கு இது ஓரளவு ஏற்ற வேளை.

மூன்றாவது, பயிற்சியின் நடுவில் இருப்பது. இதுதான் மிகக் கடினமான கட்டம். ஒரு விமானியை உருவாக்கும் செலவில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டிருக்கும் படை, அதன் பயனைப் பெறாமலே உங்களை விடுவிக்க எந்தக் காரணமும் இல்லை. ஏற்கும் படைக்கோ அரைகுறையாகப் பயின்ற ஒருவரைவிட, தன் பள்ளியில் முதல் நாளிலிருந்து பயிலும் ஒருவரே வசதி. நான்காவது, பயிற்சியை முடித்து விமானிக்குரிய சிறகுச் சின்னத்தைப் பெற்றுவிட்ட நிலை. வியப்பாகத் தோன்றினாலும், மூன்றாம் கட்டத்தில் மாறுவதைவிட நான்காம் கட்டத்தில் மாறுவதற்கே தெளிவான வழிகள் இருக்கின்றன. ஆகவே பயிற்சியின் பாதியில் இருப்பவருக்கு என் பரிந்துரை ஒன்றே: பயிற்சியை முடியுங்கள், பிறகு மாறுங்கள்.

படி 2: உங்கள் கட்டாயப் பணிக்காலத்தைக் கணக்கிடுங்கள்

மேற்சொன்ன பரிந்துரைக்கு ஒரு விலை உண்டு. விமானப் பயிற்சிக்குரிய கட்டாயப் பணிக்காலம் சேர்ந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. பயிற்சியை முடித்த நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. விமானப்படையில் அது 10 ஆண்டு. தரைப்படையில் 6 ஆண்டாக இருந்தது 2020 அக்டோபரிலிருந்து 10 ஆண்டாக உயர்த்தப்பட்டது. கடற்படையில் போர் ஜெட் விமானிக்கு 8 ஆண்டு. பயிற்சியை முடித்த மறுநாளே இந்தக் கடன் முழுவதும் உங்கள் கணக்கில் ஏறிவிடும்; அதன் பிறகு உங்கள் படை உங்களை விடுவித்தால்தான் மாற முடியும்.

பதவியேற்கும்போதும், பயிற்சித் தொடக்கத்திலும் நீங்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தங்களை எடுத்து நிதானமாகப் படியுங்கள். உதவித்தொகை பெற்றுப் படித்திருந்தால், அதற்கான பணிக்காலம் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கும்.

படி 3: மாறுவதற்காகப் பயிற்சியை விட்டு விலகாதீர்கள்

ஒரு மாணவர் தாமாகவே பயிற்சியிலிருந்து விலகுவதைக் கடற்படையில் ‘டிஓஆர்’ என்று மூன்றெழுத்தில் சொல்வார்கள். இன்று விலகிவிட்டால் கை காலியாகிவிடும், நாளை வேறு படையின் பயிற்சியில் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கணக்கு அநேகமாக எப்போதும் தவறாகவே முடிகிறது. ஒரு படையின் விமானப் பயிற்சியிலிருந்து விலகியவரையோ விலக்கப்பட்டவரையோ தம் பயிற்சிக்கு ஏற்பதில்லை என்பது மற்றப் படைகளின் பொதுவான விதி. விதிவிலக்கு கேட்கலாம் என்றாலும் அது அரிதாகவே கிடைக்கும். தேர்ச்சி பெறாமல் நீக்கப்பட்டாரா, தாமே விலகினாரா என்ற வேறுபாடு இந்த இடத்தில் பெரிதாக உதவுவதில்லை.

விலகிய பின் கையும் காலியாவதில்லை. கடற்படையில் அத்தகைய இளம் அதிகாரியின் கோப்பு ‘பிஓசிஆர்’ எனப்படும் குழுவின் முன் செல்லும். கப்பற்பணி, வழங்கல், உளவு முதலிய வேறு பிரிவுகளில் ஒன்றுக்கு அவரை அனுப்புவதா, பணியிலிருந்தே விடுவிப்பதா என்பதை அந்தக் குழுவின் வழியாகக் கடற்படைதான் தீர்மானிக்கிறது. விடுவிக்கப்பட்டால் உதவித்தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டிய நிலையும் வரலாம். பறக்காத பணி எதுவாயினும் சரி, வேறு படைக்குச் சென்றால் போதும் என்று விரும்புபவருக்கு மட்டும் இந்தக் கட்டத்திலும் ஏதேனும் ஒரு வாய்ப்பு எஞ்சியிருக்கலாம்.

படி 4: ஏற்கும் படையிடம் முதலில் பேசுங்கள்

இந்த மாற்றத்திற்கு இரண்டு கதவுகள் திறக்க வேண்டும்: உங்கள் படை விடுவிக்க வேண்டும், மற்றொரு படை ஏற்க வேண்டும். இதற்கான அடிப்படை விதிகள் பாதுகாப்புத் துறையின் 1300.04 எண்ணுள்ள அறிவுறுத்தலில் உள்ளன; அதிகாரிகளை ஒரு படையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் அதிகாரத்தை அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பு, 716ஆம் பிரிவு வழங்குகிறது. இவ்விரண்டையும் படித்துவிட்டே யாரிடமும் பேசச் செல்லுங்கள். ஊர்க் கடைத்தெருவில் அலுவலகம் வைத்திருக்கும் ஆள்சேர்ப்பு அலுவலருக்கு இந்த வழிமுறை பெரும்பாலும் பழக்கமில்லை, ஏனெனில் அவர் அன்றாடம் பார்ப்பது பள்ளி முடித்து வரும் இளைஞர்களைத்தான். விமானப்படைக்குச் செல்ல விரும்பினால் டெக்சஸின் சான் அன்டோனியோவில் ரேண்டால்ஃப் தளத்தில் உள்ள பணியாளர் மையத்தையும், தரைப்படைக்கு என்றால் கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள மனிதவளத் தலைமையகத்தையும், கடற்படைக்கு என்றால் டென்னசியில் மில்லிங்டனில் உள்ள பணியாளர் தலைமையகத்தையும் அணுக வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்வி, “என்னை எடுத்துக்கொள்வீர்களா?” என்பதன்று. “இந்த ஆண்டு படை மாற்றத்தின் வழியாக விமானிகளை எடுக்கிறீர்களா, எடுத்தால் சிறகுச் சின்னம் பெற்றவர்களை மட்டுமா, தேர்வுக் குழு எப்போது கூடுகிறது?” என்று கேளுங்கள். விமானிப் பற்றாக்குறை உள்ள ஆண்டில் அகலத் திறக்கும் வாயில், அடுத்த ஆண்டே மூடிவிடக்கூடும்.

இங்கு மூன்று வழிகளைத் தனியே குறிப்பிடலாம். கடலோரக் காவல்படை, ஏதேனும் ஓர் அமெரிக்கப் படையில் விமானப் பயிற்சியை முழுமையாக முடித்தவர்களை நேரடியாக அதிகாரியாக நியமிக்கும் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. தரைப்படை ஹெலிகாப்டர் விமானிகள் பலர் இந்த வழியில் சென்றிருக்கிறார்கள். தரைப்படையோ, அதிகாரிகளைத் தவிர, சாதாரண வீரருக்கும் அதிகாரிக்கும் இடைப்பட்ட வாரண்ட் அதிகாரி என்ற தனிநிலையிலும் விமானிகளைத் தேர்கிறது. பட்டம் கட்டாயம் இல்லை என்பதால், பிற படைகளில் சாதாரண நிலையில் பணியாற்றும் வீரர்களுக்கு இது உண்மையான வாய்ப்பு. மூன்றாவது, மாநிலங்களின் விமானத் தேசியக் காவல்படை. அங்கே ஒவ்வொரு பிரிவும் தனக்கான விமானியைத் தானே நேர்காணல் செய்து தேர்ந்தெடுத்து, விமானப்படைப் பள்ளிக்கு அனுப்பிவைக்கும். தரைப்படையின் காவல்படையிலோ ரிசர்வ் பிரிவிலோ இருந்துகொண்டு அதற்கு விண்ணப்பிப்பது முழுநேரப் பணியில் இருப்பவரின் மாற்றத்தைவிடப் பல மடங்கு இலகுவானது.

படி 5: தேர்வுகளையும் மருத்துவத்தையும் புதிதாகத் தொடங்குங்கள்

தேர்வு வேறுபடும் இடத்தில், ஒரு படையின் மதிப்பெண் மற்றொன்றில் செல்லாது. கடற்படை, மரைன், கடலோரக் காவல்படை மூன்றும் விமானிகளைத் தேர்வதற்கு ஏஎஸ்டிபி என்ற ஒரே தேர்வைப் பயன்படுத்துகின்றன. அதை வாழ்நாளில் மூன்று முறை மட்டுமே எழுதலாம். விமானப்படைக்கு ஏஎஃப்ஓகியூடி என்ற எழுத்துத் தேர்வும், டிபிஏஎஸ் என்ற கணினித் தேர்வும் உண்டு. இவற்றோடு பறந்த மணிநேரத்தையும் சேர்த்து 1 முதல் 99 வரை பிசிஎஸ்எம் என்ற மதிப்பெண் கணக்கிடப்படும். தரைப்படையின் எஸ்ஐஎஃப்டி தேர்வில் தேர்ச்சிக்கு 40 மதிப்பெண் வேண்டும். 40ஐத் தாண்டிவிட்டால் மதிப்பெண்ணை உயர்த்துவதற்காக மறுபடி எழுத முடியாது என்பதால், முதல் முறையே நன்கு தயாராகிச் செல்வது நல்லது.

மருத்துவத்தில்தான் எதிர்பாராத தடைகள் எழுகின்றன. கடற்படை மாணவரைப் பென்சகோலாவில் உள்ள விமான மருத்துவ நிறுவனமும், விமானப்படை மாணவரை ஒஹாயோவின் ரைட்-பேட்டர்சன் தளமும், தரைப்படை மாணவரை ஃபோர்ட் ரக்கரில் உள்ள விமான மருத்துவப் பிரிவும் தகுதி பார்க்கின்றன. கண்பார்வை, கண் அறுவைச் சிகிச்சை, சிறுவயது ஆஸ்துமா, உட்கார்ந்த உயரம் ஆகியவற்றில் ஒவ்வொரு படையும் தனக்கென அளவுகோல் வைத்திருக்கிறது. உங்கள் படை ஒரு குறைக்கு ஏற்கெனவே விலக்கு அளித்திருந்தாலும், அந்த விலக்கு புதிய படையைக் கட்டுப்படுத்தாது. ஆகவே விடுவிப்புக் கேட்பதற்கு முன்பே மருத்துவ நிலையை அறிந்துகொள்ள முயலுங்கள். இணையத்தில் தேடும்போது, ஃபோர்ட் ரக்கர் 2023 முதல் 2025 வரை ஃபோர்ட் நோவோசெல் என்ற பெயரில் இருந்ததை நினைவில் வைத்தால் அக்கால ஆவணங்கள் தவறிப்போகா.

படி 6: மேலதிகாரிகள் வழியாக விடுவிப்புக் கேளுங்கள்

இப்போதுதான் உங்கள் படையிடம் பேசும் நேரம் வருகிறது. வகுப்புக்குப் பொறுப்பான பயிற்றுநர், பிரிவுத் தலைவர், படைத்தளபதி என்ற வரிசையைத் தாண்டாதீர்கள். மனு செல்லும்போது ஒவ்வொருவரும் தம் கருத்தை எழுதி மேலே அனுப்புவார்கள், அந்தக் கருத்துகளே கோப்பின் எடையைத் தீர்மானிக்கும். சுற்றி வளைத்துச் சென்றவரைப் பற்றி நல்ல கருத்து எழுத எந்தத் தளபதிக்கும் மனம் வராது.

நிபந்தனையுடன் விடுவிக்கக் கோரும் படிவத்தின் எண் டிடி 368. மற்றொரு படை ஏற்றுக்கொண்டால் இவரை விடுவிக்கிறோம் என்பதே அதன் பொருள். ஏற்பு நிகழும் வரை நீங்கள் பழைய படையின் ஆள்தான் என்பதால், பயிற்சிப் பறப்புகளையும் தேர்வுகளையும் குறைவின்றிச் செய்துகொண்டிருக்க வேண்டும். விடுவிப்பு ஒரு காலக்கெடுவோடு வரும்; தேர்வுக் குழு கூடும் நாள் அந்தக் கெடுவுக்குள் விழுகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். முழுநேரப் பணியில் இருக்கும் அதிகாரிகளிடம் சில படைகள் இதற்குப் பதிலாகத் தனி மனுவையே கேட்கும்.

மனுவில் எழுதும் காரணம் கவனத்துக்குரியது. எனக்கு ஜெட் கிடைக்கவில்லை, ஹெலிகாப்டர் ஒதுக்கிவிட்டார்கள் என்று எழுதுபவரின் கோப்பு அந்த மேசையோடு நின்றுவிடும்; புதிய படையும் தன் தேவைக்கேற்பவே விமானத்தை ஒதுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஏற்கும் படைக்கு உங்களால் என்ன பயன் என்பதை, உங்கள் கல்வி, பயிற்சி மதிப்பெண், மொழியறிவு ஆகியவற்றைச் சான்றாகக் காட்டி ஒரு பக்கத்துக்குள் எழுதுவது போதும்.

படி 7: இடைவெளியின்றிப் பதவியேற்புக்குக் காத்திருங்கள்

குழு தேர்ந்தெடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். அதிகாரிகளின் நியமனம் ‘ஸ்க்ரோல்’ எனப்படும் பெயர்ப்பட்டியலின் வழியாகப் பாதுகாப்புச் செயலரின் ஒப்புதலுக்குச் செல்லும். இது மாதக்கணக்கில் ஆகக்கூடிய கட்டம். பழைய படையில் பதவி முடியும் நாளும் புதிய படையில் உறுதிமொழி எடுக்கும் நாளும் அடுத்தடுத்து அமைய வேண்டும். ஆகவே தேதி எழுத்தில் வரும் வரை வீட்டைக் காலி செய்யாதீர்கள், கார் விற்காதீர்கள்.

படி 8: புதிய படையில் உங்கள் இடம்

716ஆம் பிரிவின்படி, மாற்றத்திற்கு முந்தைய நாளில் இருந்த நிலையைவிட உயர்ந்த நிலை உங்களுக்குத் தரப்படாது. கடற்படையின் என்சைன், விமானப்படையில் செகண்ட் லெஃப்டினன்ட் ஆவார். கடற்படை லெஃப்டினன்ட் என்பது விமானப்படையின் கேப்டனுக்கு நிகர் என்பதை வீட்டாருக்கு விளக்கச் சிறிது நேரம் பிடிக்கும். பழைய பணிக்கடனும் பெரும்பாலும் உங்களோடு வரும், அதன் மேல் புதிய பயிற்சிக்கான கடனும் சேரலாம். ஹெலிகாப்டரிலிருந்து நிலையான இறக்கை கொண்ட விமானத்துக்கு மாறுபவர் மாற்றுப் பயிற்சி பெற வேண்டியிருக்கும்.

பழைய படைப்பிரிவை விட்டு வெளியேறும் முன், பறப்புப் பதிவேடு, பயிற்சித் தர அறிக்கை, மருத்துவக் கோப்பு ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்களைத் தாளில் வாங்கி வையுங்கள். கணக்கு மூடப்பட்ட பிறகு அந்தப் படையின் கணினிக்குள் நீங்கள் நுழைய முடியாது. புதிய பள்ளியில் முதல் வாரமே கேட்கப்படுவது அந்தத் தாள்கள்தான்.