எச்சில் சோதனையை நம்பி இளம் வீரரைக் கழிக்கலாமா?

எச்சிலை வைத்துச் செய்யும் மரபணுச் சோதனையின் அறிக்கையில் 'ஏசிடிஎன்3: எக்ஸ்எக்ஸ்' என்று வந்துவிட்டால், அந்தப் பிள்ளையை 100 மீட்டர் ஓட்டத்திலிருந்து விலக்கிவிடுகிறார்கள். வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறுகளில் இதுதான் பெரியது. வேகத் தசை நார்களில் ஆல்ஃபா-ஆக்டினின்-3 என்ற புரதம் உருவாவது ஏசிடிஎன்3 என்ற மரபணுவால். இந்த மரபணுவின் இரு பிரதிகளுமே செயல்படாத எக்ஸ்எக்ஸ் வகையினருக்கு அந்தப் புரதம் அறவே இல்லை. ஆனால் இது நோயல்ல. உலகில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இப்படித்தான் இருக்கிறார். அதை ஒத்த ஆல்ஃபா-ஆக்டினின்-2 என்ற புரதம் அந்த வேலையைப் பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது.

2003-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், முன்னணி விரைவோட்டக்காரர்களிடம் இவ்வகை மிக அரிதாக இருந்தது. அதனால் ஏசிடிஎன்3-க்கு 'வேக மரபணு' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஆளுக்கு ஆள் தெரியும் திறன் வேறுபாட்டில் இதன் பங்கு 2–3 சதவீதம்தான். எக்ஸ்எக்ஸ் வகையைச் சேர்ந்த ஸ்பானிய ஒலிம்பிக் வீரர் ஒருவர் 8.26 மீட்டர் நீளம் தாண்டியிருக்கிறார்! திறமையைக் கண்டறிய இச்சோதனைகள் உதவா என்று 2015-இல் நிபுணர் குழு ஒன்று வெளிப்படையாகவே சொன்னது.

'தசை வலிமையில் பாதி பரம்பரை' என்பதையும் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். அது ஒரு மக்கள் கூட்டத்துக்குள் உள்ள வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. தனியொரு பிள்ளையின் வலிமையைப் பாதியாகப் பிரித்துக் காட்டுவதல்ல.

மரபணுவை விட அதிகம் ஏமாற்றுவது பருவ வளர்ச்சி. 13 வயதுப் பையன்கள் இருவரின் உடல் முதிர்ச்சியில் மூன்று, நான்கு ஆண்டு வித்தியாசம் இருக்கலாம். உயரம் வேகமாகக் கூடும் கட்டம் பெண்களுக்குச் சராசரியாக 12 வயதிலும் ஆண்களுக்கு 14 வயதிலும் வரும். பையன்களின் வலிமைப் பாய்ச்சல் அதற்கும் சில மாதங்கள் பிந்தும். முந்தி வளர்ந்தவனை 'பிறவி வலிமை' என்று எடுத்துக்கொண்டு, பிந்தி வளர்பவனைக் கழித்துவிடுகிறோம். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை நின்ற உயரம், உட்கார்ந்த உயரம், எடை மூன்றையும் குறித்து, ஒத்த முதிர்ச்சி உள்ளவர்களோடு ஒப்பிடுங்கள். ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவருக்கும் டிசம்பரில் பிறந்தவருக்கும் ஏறத்தாழ ஓராண்டு இடைவெளி உண்டு என்பதையும் பாருங்கள்.

அளக்கும் முறையிலும் கோளாறு வரும். கைப்பிடி வலிமைமானியைப் பெரியவர் கைக்கு ஏற்ற அகலத்திலேயே விட்டால் சிறுவர்களின் அளவு குறைவாகத்தான் காட்டும். பிடியைக் கைக்கேற்ப மாற்றி, முதலில் பழகவிட்டு, ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை அளந்து, சிறந்ததை எடுங்கள். தாண்டலுக்கு அதை உடல் எடையால் வகுத்துப் பாருங்கள். குண்டு எறிதலுக்கு மொத்த வலிமையே முக்கியம். ஆறு மாதம் கழித்து அதே கருவியால் திரும்ப அளக்கும்போது, இடையில் உயரம் எவ்வளவு கூடியது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் வளர்ச்சியைப் பயிற்சியின் பலன் என்று எண்ணிவிடுவீர்கள்.