மோனேயின் சூரியனை உற்றுப் பார்ப்பது எப்படி?

மதுரை செல்லூரில் ஓவிய வகுப்பு நடத்துகிறேன். புதிதாக வரும் பிள்ளைகள் கையில் பென்சிலைக் கொடுக்கும் முன் பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனேயின் ‘இம்ப்ரெஷன், சூரியோதயம்’ படத்தைத்தான் காட்டுவேன். 1872-ல், பிரான்ஸில் லெ ஆவர் துறைமுகத்தின் விடியற்காலையை வரைந்தது. அசல் பாரிஸின் மார்மொத்தான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நமக்கு ஃபோன் போதும், ஆனால் பெரிதாக்கினால் உடையாத நல்ல பிரதியாகத் தேடி எடுங்கள்.

முதலில் பழைய பேப்பரை 48-க்கு 63 சென்டிமீட்டர் வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். அசல் படம் அவ்வளவுதான். அந்த அளவை மனதில் வைத்துக்கொண்டால்தான் தூரிகை எவ்வளவு சின்னதாக ஓடியிருக்கிறது என்பது பிடிபடும்.

அப்புறம் படகுகள். முன்னால் இருப்பது கருமையாக, ஆட்களோடு தெரிகிறது. அடுத்தது மங்கல். அதற்கும் பின்னால் இருப்பது வெறும் நிழல். முன்படகைப் பெரிதாக்கிப் பாருங்கள்: முகம் இல்லை, சில தீற்றல்கள்தான். பின்னணியில் பாய்மரங்களும் புகைபோக்கிகளும் பனியில் கரைந்து கிடக்கின்றன. 1874-ல் இதைக் கண்காட்சியில் பார்த்த விமர்சகர் லூயி லெருவா, அரைகுறை வேலை என்று கேலி செய்தார். படத்தின் தலைப்பிலிருந்து வந்த, மோனேயையும் அவர் கூட்டத்து ஓவியர்களையும் குறிக்கும் ‘இம்ப்ரெஷனிஸ்ட்’ என்ற பெயர் ஊரெல்லாம் பரவியது அந்தக் கேலியால்தான்.

இனி சூரியன். நான் வகுப்பில் அதிக நேரம் நிற்பது இங்கேதான். ஃபோனில் ‘எடிட்’ போய் நிறத்தை முழுக்கக் குறைத்துக் கறுப்பு வெள்ளை ஆக்குங்கள். “சார், சூரியனக் காணோம்!” என்று பிள்ளைகள் கத்துவார்கள். ஆமாம், கிட்டத்தட்ட மறைந்துவிடும். சுற்றியுள்ள வானம் எவ்வளவு வெளிச்சமோ, ஏறக்குறைய அதே வெளிச்சம்தான் அந்த ஆரஞ்சு வட்டத்துக்கும். நிறம் மட்டுமே அதை வானத்திலிருந்து பிரிக்கிறது. நம் கண்ணும் மூளையும் வெளிச்ச வேறுபாட்டையும் நிறத்தையும் தனித்தனி வழியில் கையாள்கின்றன. வெளிச்சத்தில் வேறுபாடு இல்லாததால் அந்த வட்டம் ஓரிடத்தில் நிற்காமல் துடிப்பதுபோலத் தோன்றுகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

நிறத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, தண்ணீரில் விழும் ஆரஞ்சுக் கீற்றுகளுக்கு வாருங்கள். எல்லாம் குட்டையான, கிடைமட்டத் தீற்றல்கள்.

சரி, படம் போதும். வண்டியூர் தெப்பக்குளத்தில் தண்ணீர் கிடக்கும் நாளாகப் பார்த்து, விடியும்போது மேற்குக் கரையில் நில்லுங்கள். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம், தண்ணீரை மட்டும் பாருங்கள். ஒரு ஆரஞ்சு க்ரேயான் கொண்டுபோய், அந்த வெளிச்சம் எங்கெங்கே அறுந்து அறுந்து வருகிறதோ அங்கே மட்டும் தாளில் கோடு போடுங்கள். மைய மண்டபத்தை வரையாதீர்கள்.