மெடிக்கல் கடையில் பிரஷர் பார்த்துச் சொல்கிறவர்களுக்கு

வந்தவர் கவுண்டருக்கு வெளியே நின்றபடி கையை நீட்டுவார், உள்ளேயிருந்து மெஷினின் பட்டையைச் சுற்றுவார்கள், அரை நிமிடத்தில் எண் வந்துவிடும். டெல்டா ஊர்களில் பல மெடிக்கல்களில் பிரஷர் பார்ப்பது இப்படித்தான். அந்த எண்ணை வைத்து ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

மெஷினைவிட முக்கியம், சாய்மானம் உள்ள ஒரு நாற்காலியும் பக்கத்தில் ஒரு மேசையும். வெயிலில் சைக்கிள் மிதித்தோ பஸ்ஸில் நின்றோ வந்தவரை ஐந்து நிமிடம் சும்மா உட்கார வையுங்கள். அரை மணிக்குள் காபி, டீ, பீடி, புகையிலை ஏதாவது ஆயிற்றா என்று கேளுங்கள். கும்பகோணத்தில் டிகிரி காபி குடிக்காமல் கடைத்தெருவுக்கு வருகிறவர் குறைவு. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் எண் ஏறும். பாதம் தரையில் பதியட்டும், கால் மேல் கால் வேண்டாம்.

கை மார்பு உயரத்தில் மேசைமேல் கிடக்க வேண்டும். தொங்கவிட்டால் பத்து சென்டிமீட்டர் இறக்கத்துக்குப் பிரஷர் எண்ணை 8 மி.மீ. (பாதரசம்) அளவுக்குக் கூட்டிக் காட்டும். உயரமான கண்ணாடிக் கவுண்டரில் தூக்கி வைத்தால் அதே கணக்கில் குறைத்துக் காட்டும். இரண்டாவது தப்புதான் மோசம். பிரஷர் இருக்கிறவரை 'நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பிவிடும்.

தையல்காரர் டேப் ஒன்று வாங்கி வையுங்கள். மேல்கையின் நடுச்சுற்றளவு 22 முதல் 32 செ.மீ. வரை என்றால் வழக்கமான பட்டை போதும். அதற்கு மேல் போனால் பெரிய பட்டை. சின்னப் பட்டையைப் பருத்த கையில் இழுத்துச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும். பட்டையின் கீழ்விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். முழுக்கைச் சட்டையைச் சுருட்டி ஏற்றினால் அதுவே கையை இறுக்கும். கையை உருவிக்கொள்ளச் சொல்லுங்கள். இறுக்கமான ஜாக்கெட் மெல்லிய துணியாக இருந்தால் அதன் மேலேயே சுற்றலாம், சுருட்டுவதைவிட அது மேல். அளக்கும்போது இருவரும் பேசக் கூடாது.

ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை எடுங்கள். 158/96, 148/92, 144/90 என்று வந்தால் முதலாவதைத் தள்ளிவிட்டுக் கடைசி இரண்டின் சராசரி 146/91 என்று எழுதுங்கள். புதிதாக வந்தவருக்கு இரண்டு கையிலும் பார்த்து, கூடுதலாக வரும் கையையே அடுத்த முறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் எண் தாறுமாறாக மாறினால் நாடித் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கலாம்; டாக்டர் பார்க்க வேண்டியது அது.

140/90-ஐத் தொட்டால் அடுத்த சில வாரத்தில் வேறு இரண்டு நாள் வரச் சொல்லுங்கள், அப்போதும் அப்படியே இருந்தால் டாக்டரிடம். 180/110 என்றால் அன்றைக்கே. கர்ப்பிணிக்கு 140/90 வந்தாலே அன்றைக்கே ஆஸ்பத்திரி. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குளறல், ஒரு பக்கம் கை கால் விழுதல் இருந்தால் எண் என்னவானாலும் 108. பிரஷரைச் சட்டென்று இறக்க நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கும் பழைய பழக்கம் ஆபத்து. மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். டாக்டர் சீட்டில்லாமல் 'பாதி அம்லோடிபின்' என்று பிரஷர் மாத்திரை கொடுப்பதும் நம் வேலை இல்லை.

டாக்டருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும்: பிரஷர் பார்க்க வந்தவர் நம் கடையில் என்னென்ன வாங்குகிறார் என்பது. நடவு, அறுப்பு நாளில் இடுப்புவலிக்கு டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் என்று வாரக்கணக்கில் போடுகிறவருக்குப் பிரஷர் ஏறும், பிரஷர் மாத்திரையின் வேலையும் மட்டுப்படும். ஃபினைலெஃப்ரின் கலந்த சளி மாத்திரை, பெட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, தினமும் சாப்பிடும் அதிமதுரம் எல்லாமே ஏற்றும். கருவாடு, மோர்மிளகாய், அப்பளம், ஊறுகாய் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு நாளைக்கு மொத்த உப்பு ஐந்து கிராமைத் தாண்டக் கூடாது.

இதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்: தேதி, நேரம், எந்தக் கை, மூன்று அளவு, சராசரி, போடுகிற மாத்திரைகள். செலவுக்குத் தயங்குகிறவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பலாம், மாத்திரை அங்கே இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் தருகிறார்கள்.

மாத்திரை தொடங்கியவர் மாதம் 30 வாங்க வேண்டியதற்கு ஒரு பத்து மாத்திரை அட்டையோடு நின்றுவிட்டால் நோட்டில் குறித்துவைத்துக் கேளுங்கள். 'இப்பத்தான் சரியாயிடுச்சே' என்பார்கள். அம்லோடிபினில் கால் வீங்கியது, எனலாப்ரிலில் வறட்டு இருமல் வந்தது என்றும் சொல்வார்கள். அவர்களுக்கு மாத்திரையை மாற்றித் தர டாக்டரிடம் வழி இருக்கிறது.