ஸ்டெர்ன் டிரைவ் வாங்குமுன் குதிரைத்திறனை விட்டுவிட்டு டார்க்கைப் பாருங்கள்

பினாங்கிலிருந்து லங்காவி ஏறக்குறைய 60 கடல் மைல். அந்த வழியில், பூலாவ் பாயாருக்குக் கொஞ்சம் தெற்கே, எங்கள் போட்டின் ஸ்டெர்ன் டிரைவ் போய்விட்டது, அதாவது உள்ளே இருக்கும் எஞ்சினின் சக்தியைப் போட்டின் பின்பக்கம் வெளியே நிற்கும் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் கியர்ப் பகுதி. எஞ்சின் அழகாகச் சுற்றுகிறது, புரொப்பெல்லர் மட்டும் அசையவில்லை. கட்டி இழுத்துவந்து பட்டறையில் பிரித்தபோது மேல் கியரின் பல் பிய்ந்து ஆயிலோடு கிடந்தது. எஞ்சின் 500 குதிரைத்திறன், டிரைவ் தாங்கும் என்று காகிதத்தில் போட்டிருந்ததும் கிட்டத்தட்ட அதே அளவுதான். தப்பு அங்கேதான்.

கியர் பல்லை உடைப்பது குதிரைத்திறன் அல்ல, முறுக்குவிசை, அதாவது டார்க். கணக்கு சுலபம்: எஞ்சினின் கிலோவாட்டை 9549ஆல் பெருக்கி, அந்தத் திறன் கிடைக்கும் ஆர்பிஎம்மால் வகுத்தால் நியூட்டன் மீட்டரில் டார்க் வரும். 5000 ஆர்பிஎம்மில் 525 குதிரைத்திறன் தரும் பெட்ரோல் எஞ்சினுக்கு அது சுமார் 750. இப்போது 3500 ஆர்பிஎம்மில் 370 குதிரைத்திறன் தரும் டீசல் எஞ்சினைப் போட்டுப் பாருங்கள், அதற்கும் 750தான் வரும்! நம்முடையது 370தானே என்று சின்ன டிரைவைக் கேட்கிற டீசல்காரர் அதே சுமையைத்தான் ஏற்றுகிறார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பிச் சக்தியைக் கூட்டும் சூப்பர்சார்ஜர் பூட்டப் போகிறீர்கள் என்றால் பூட்டிய பிறகு வரும் டார்க்கை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அதோடு முடியவில்லை. மலாக்கா நீரிணையில் அலை உயரமாக இருக்காது, ஆனால் நெருக்கமாக வரும். அதிகாலையில் சுமாத்ரா காற்று அடித்தால் சொல்லவே வேண்டாம். போட் துள்ளும்போது புரொப்பெல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்து வெறுமனே வேகமெடுக்கிறது, மறுபடி தண்ணீரில் விழுந்ததும் சட்டென்று பிடிக்கிறது, அந்த அடி புரொப்பெல்லர் ஷாஃப்ட், கீழ் கியர், நடுவில் நிற்கும் ஷாஃப்ட், மேல் கியர், வளைந்தாலும் சுழற்சியைக் கடத்தும் யூ ஜாயின்ட் என்று வரிசையாக ஏறி எஞ்சின் வரைக்கும் போகிறது. ஆஃப்ஷோர் பந்தயங்களில் ஸ்டியரிங் பிடிப்பவர் ஒருவர், த்ராட்டில் பிடிப்பவர் இன்னொருவர் என்று இருவர் உட்காருவது இதற்காகத்தான்: போட் எழும்பும்போது ஒருவர் த்ராட்டிலைக் குறைத்தே ஆக வேண்டும். நாம் தனியாக ஓட்டுகிறோம், எல்லாத் தடவையும் குறைத்துவிட மாட்டோம். அதனால் டிரைவ் தாங்கும் அளவு எஞ்சினைவிட நாலில் ஒரு பங்காவது கூட இருக்கட்டும். போட் கனமானது என்றால் இன்னும் கூட.

எந்த வகை? போட் எஞ்சின் செய்யும் வோல்வோ பென்டா 1959ல் ஸ்டெர்ன் டிரைவைக் கொண்டுவந்தது, 1982ல் இரண்டு புரொப்பெல்லர் எதிரெதிராகச் சுற்றும் டியோபுரொப் வந்தது. குடும்பத்தோடு போகும் கனமான குரூசருக்கு இரட்டைப் புரொப்பெல்லர் நல்ல பிடிப்பு தரும். அலைமேல் பறக்கிற போட்டுக்கு நான் ஒற்றைப் புரொப்பெல்லரைத்தான் சொல்வேன், தண்ணீரைக் கீழ்மூக்கில் உறிஞ்சும் ஸ்போர்ட்மாஸ்டர் மாதிரி கீழ்ப்பகுதியோடு. டிரைவை உயர்த்திப் பூட்டினாலும் எஞ்சினுக்குக் குளிர்நீர் நிற்காது. ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டினால் உலகமே வேறு. மெர்குரி ரேசிங் 1350 எஞ்சினோடு வரும் எம்8 டிரைவில் கியர் ஆயிலில் மூழ்கிக் கிடக்காது. பம்ப் ஆயிலைக் கியர்மேல் பீய்ச்சி, கூலர் வழியாகத் திருப்பி எடுக்கிறது. நம் கடல்நீரே 30 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆயில் சூடு இங்கே சின்ன விஷயம் இல்லை. சாதாரண டிரைவ் என்றால் மேல்பகுதிமேல் தண்ணீர் தெளிக்கும் டிரைவ் ஷவர் ஒன்றாவது வையுங்கள். வேகம் அதிகம் என்றால் வெளியே பூட்டும் ஹைட்ராலிக் ஸ்டியரிங்கும் கட்டாயம், அதில் பேரமே வேண்டாம்.

அடுத்து உப்புத் தண்ணீர். டிரைவுக்குப் பதிலாகத் தானே அரிபட்டுக் கரையும் உலோகக் கட்டியான ஆனோடை அலுமினியத்தில் வாங்குங்கள், மேலே பெயின்ட் பூசாதீர்கள், பூசினால் அது வேலையே செய்யாது. டிரைவ் உடம்பில் செம்பு கலந்த அடிப்பெயின்ட் அடிக்கவே கூடாது, அலுமினியத்தைத் தின்றுவிடும். ஜெட்டியில் கரை மின்சாரம் எடுப்பவர்கள் அந்தக் கம்பி வழியாக வரும் அரிப்பு மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வனிக் ஐசொலேட்டர் போடுங்கள். இங்கே போட்டைச் சில வாரம் தண்ணீரில் விட்டாலே பார்னகிள் என்ற ஓடுள்ள கடல் உயிர் ஒட்டும், அதன் கூர் விளிம்பு யூ ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பெல்லோஸை அறுத்துவிடும், தண்ணீர் உள்ளே போய் ஷாஃப்டைத் தாங்கும் கிம்பல் பேரிங் துருப்பிடிக்கும். அதையும் கவனிக்காமல் விட்டு ஜெட்டியிலேயே மூழ்கிய போட்டுகள் உண்டு.

செகண்ட் ஹேண்ட் என்றால் காசு கொடுக்குமுன் கீழே இருக்கும் டிரெயின் பிளக்கைத் திறக்கச் சொல்லுங்கள். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் நுழைந்திருக்கிறது. பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருக்கலாம், அது சாதாரணத் தேய்மானம், ஆனால் விரலில் குத்துகிற சில் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். புரொப்பெல்லரைக் கழற்றி ஷாஃப்டைக் கையால் சுற்றி, நுனி ஆடுகிறதா என்று பாருங்கள். அப்புறம் யூ ஜாயின்ட், பெல்லோஸ், சீல் எல்லாம் பினாங்கிலோ கோலாலம்பூரிலோ உடனே கிடைக்குமா, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

பூட்டும் நாளில் நீங்களும் கூடவே நில்லுங்கள். எஞ்சினும் டிரைவும் நேராக இருக்கின்றனவா என்று பார்க்கும் அலைன்மென்ட் கம்பியைக் கிம்பல் பேரிங் வழியாக, டிரைவ் ஷாஃப்ட் பொருந்தும் எஞ்சினின் கப்ளருக்குள் விட்டால் இரண்டு விரலால் தள்ளியே உள்ளே போக வேண்டும், அதே மாதிரி வெளியே வர வேண்டும். சுத்தியல் எடுத்தால் நிறுத்தச் சொல்லுங்கள், எஞ்சினை ஏற்றி இறக்கிச் சரி செய்த பிறகுதான் டிரைவ் ஏற வேண்டும்.